ஐந்தாம் வார்டின் வாளி

என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னை மோப்பம் என்றுதான் சொல்வார்கள். வார்டு வாசலில் நான் தலையைக் காட்டினால் போதும், "மோப்பம் வருது, கையக் கழுவு" என்று உள்ளே ஒரு குசுகுசுப்பு ஓடும். என் காதில் விழாது என்று நினைப்பு. எனக்குப் பாம்புக் காது. நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸாக இந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் தள்ளியிருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் யாரையும் நம்புவதில்லை, அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

ஐந்தாம் வார்டு முழுக்க எலும்பு முறிந்த முதியவர்கள். இருபது கட்டில்கள். மூன்று வாரத்தில் அங்கே ஆறு பேருக்கு வயிறு கழன்றுகொண்டது. சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி. இடுப்பு எலும்பு கூடி நடக்க ஆரம்பித்தவர்கள் மறுபடி படுக்கையோடு படுக்கையாகிவிட்டார்கள். மலத்தைச் சோதித்தபோது ஆறு பேரிலும் ஒரே பாக்டீரியா. இந்தக் கிருமியோடு எனக்குப் பழைய பகை. உடம்பை விட்டு வெளியே வந்ததும் தன்னைச் சுற்றி ஒரு ஓடு கட்டிக்கொண்டு கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். கையில் தேய்க்கிற ஸ்பிரிட் ஜெல் அதை ஒன்றும் செய்யாது. கைக்குச் சோப்பும் தண்ணீரும், தரைக்கும் கட்டிலுக்கும் வீரியமான பிளீச்சிங் கரைசல். அந்த இரண்டுக்குத்தான் அது அடங்கும்.

சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்? முதலில் எலும்பு டாக்டரின் பேனாவைச் சந்தேகப்பட்டேன். மூன்று நாள் போதும் என்கிற இடத்தில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்து நாள் ஆன்டிபயாடிக் எழுதுகிற கை அவருடையது. அது குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து வழித்தெடுத்துவிடும். காலியான வீட்டில் நம்மாள் சட்டமாகக் கால் நீட்டிக்கொள்வான். அது போதாதென்று எல்லோருக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரை வேறு. வயிற்றின் அமிலமும் காவலுக்கு இல்லை. அப்புறம் அந்த மலநாற்காலி. இருபது பேருக்கு ஒன்றே ஒன்று. சக்கரத்தில் உருண்டுகொண்டு கட்டில் கட்டிலாக அது விருந்தாளி போலப் போய் வரும். நர்ஸுகளோ ஜெல்லைத் தடவிக்கொண்டு கை சுத்தம் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் மூன்று கடிதங்களாக எழுதிக் கொடுத்தேன். மூன்றும் யாரோ ஒருவர் மேஜையில் தூங்கின.

ஒன்பதாம் கட்டிலில் இருந்த தையல்காரரைக்கூட நான் விடவில்லை. எழுபத்திரண்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு போனது. தலையணைக்கடியில் அளவு டேப் வைத்திருப்பார். யார் பக்கத்தில் போனாலும் மணிக்கட்டைச் சுற்றி அளந்து ஏதாவது சொல்வார்.

"சிஸ்டர், போன வாரத்துக்கு இந்த வாரம் அரை இஞ்ச் இளைச்சிட்டீங்க. யாரையாவது ஒருத்தரையாவது நம்புங்க, உடம்பு தேறும்."

"அந்த டேப்ப எத்தன பேர் கையில சுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"டேப்பு மேலயும் சந்தேகமா? நீங்க சட்டை தைக்கக் குடுத்தா நான் வாங்கவே மாட்டேம்மா. பித்தான எண்ணியே என்னைக் கொன்னுடுவீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் இருமி இருமிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த வார்டில் என்னைக் கண்டு பயப்படாத மனிதர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காதவள் ஒருத்தி இருந்தாள். வார்டைத் துடைக்கும் வாளியம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் வாளியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். வேலையில் குறை சொல்ல முடியாது. எனக்கு அதுவே ஒரு சந்தேகம். என்னைப் பார்த்தால் தினமும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பாள்.

"அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா சிஸ்டர்?"

இரண்டு மாதம் முன்பு என் அம்மா இதே வார்டில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தாள். வீட்டுக்குப் போன பிறகும் நடைப்பயிற்சிக்காகத் தம்பி அவளைத் தினமும் பத்து மணிக்கு அழைத்துக்கொண்டு வருவான். பயிற்சிக் கூடம் வார்டைத் தாண்டிக் கடைசியில் இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. காட்டமான நெடி ஒத்துக்கொள்ளாது. வார்டில் இரண்டாவது ஆளுக்கு வயிறு போனதுமே நான் அம்மாவின் வரவை நிறுத்திவிட்டேன். மற்றவர்களின் அம்மாக்கள் அங்கேயேதான் படுத்திருந்தார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் அம்மாவின் மேல் இவளுக்கு என்ன இத்தனை அக்கறை? என்னைக் காக்கா பிடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நிறுவனத்து ஆள் இல்லை, காண்டிராக்ட் ஆள். என்னைக் கைக்குள் போட்டுக்கொண்டால் அவளுக்கு நல்லதுதானே?

"அப்படியேதான் இருக்காங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

"திரும்ப எப்ப வருவாங்க?"

"வருவாங்க, வருவாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு வாளியைத் தூக்குவாள்.

ஆறாவது ஆள் விழுந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஏசி காற்று எலும்பைத் துளைத்தது. நான் எழுதிய மூன்று கடிதங்களும் அவர் முன்னால் இருந்தன. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"டாக்டர் பேனா, மாத்திரை, நாற்காலி, ஜெல்லு... இவ்ளோ காரணம் எழுதினா மேலிடத்துல என்னன்னு நெனைப்பாங்க? மொத்த ஆஸ்பத்திரியும் ஓட்டைன்னுதான். எனக்கு ஒரு காரணம் போதும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். அந்தத் துடைக்கிற அம்மா எப்படி?"

"எப்படின்னா?"

"சரியா கலக்குறாங்களா, துடைக்கிறாங்களான்னு பாருங்க. இல்லைன்னா அன்னைக்கே அனுப்பிடலாம். வேற எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காத மாதிரி காண்டிராக்ட்காரருக்கு லெட்டர் போட்டுடலாம். விஷயம் முடிஞ்சிடும்."

பலிகடா தேடுகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் எனக்கும் அந்த வாளியின் மேல் ஒரு கண் இருந்தது. உண்மையிலேயே அவள்தான் என்றால்?

திங்கட்கிழமை உச்சிப் பொழுதில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் துப்புரவு அறைக்குள் நுழைந்தேன். மஞ்சள் வாளியில் பாதிக்கு மேல் கரைசல் இருந்தது. பூ வாசனை தூக்கியது. குளோரினைச் சோதிக்கும் தாள் ஒன்றை உருவி உள்ளே நனைத்தேன். வீரியம் இருந்தால் தாள் கருநீலமாக மாற வேண்டும். அது வெளிர் நீலத்தோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. இன்னொரு தாளை நனைத்தேன். அதுவும் வெளிர்தான். இந்தத் தண்ணீரால் கட்டிலைத் துடைத்தால் கிருமிக்குக் குளிப்பாட்டிவிட்ட மாதிரி.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். துப்புரவு அறைக்கு எதிரில் துணிகள் அடுக்கும் அறை. கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, மடித்த விரிப்புகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வாளியம்மா வந்தாள். குவளையில் பிளீச்சிங்கை ஒழுங்காக அளந்தாள். ஒன்றுக்குப் பத்து. துளி கூடக் குறையவில்லை. அவள் துணி எடுக்கப் போன சமயத்தில் ஓடிப் போய்த் தாளை நனைத்தேன். கருநீலம். எனக்குக் கோபமாக வந்தது. அப்படியானால் நேற்று மதியம் எங்கே போனது வீரியம்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அவள் மறுபடி வாளியோடு வந்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பாதிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றினாள். குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஊதா நிறப் புட்டி ஒன்றை எடுத்து அதிலிருந்த வாசனைத் திரவத்தை ஊற்றிக் கலக்கினாள். பிறகு சுவரோரமாக வார்டுக்குள் போனாள்.

பிடித்துவிட்டேன்! உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான்.

அப்போதே வெளியே பாய்ந்து அந்த வாளியைக் கவிழ்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. "இன்னைக்கு மட்டுந்தான் சிஸ்டர்" என்று அழுதால் என்ன செய்வது? இன்னொரு நாள் பார்க்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், போட்டோ வேண்டும். புதன்கிழமையும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக நான்கு படங்கள் எடுத்தேன். ஊற்றுவது, நிரப்புவது, ஊதாப் புட்டி, வாளியோடு வார்டுக்குள் போவது. எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அந்த இரண்டு நாளும் அந்தத் தண்ணீரால்தான் இருபது கட்டில்களும் மலநாற்காலியும் துடைக்கப்பட்டன. எனக்குத் தெரிந்தே துடைக்கப்பட்டன.

புதன் மாலை தையல்காரர் டேப்பை எடுக்கவில்லை.

"என்ன அய்யா, இன்னைக்கு அளவு இல்லையா?"

"வயிறு கொஞ்சம் சரியில்லம்மா" என்றார். முகத்தைப் பார்த்தேன். கன்னம் உள்ளே வாங்கியிருந்தது. "நாலு வாட்டி ஆயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்னைத் தனியாப் போட்டுடுவாங்க. எனக்குப் பேசாம இருக்க முடியாது."

வியாழன் மதியம் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. ஏழாவது ஆள். சாயங்காலத்துக்குள் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்த நாளில், எந்தக் கம்பியிலிருந்து அவருக்கு ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஒளிந்திருந்த நாட்களுக்கு முன்பேகூட இருக்கலாம். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் வயிற்றில் விழுந்த கல் நகரவில்லை. பிறகு அந்தக் கல்லை அப்படியே தூக்கி வாளியம்மாவின் தலையில் போட்டேன். அவள் அல்லவா கலந்தாள்? அன்றே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அவ்வளவு ஆத்திரத்தோடு நான் எதையும் எழுதியதில்லை.

கேன்டீனில் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள்; விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"ரிப்போர்ட்ல என் பேரு வருமாடி?"

"உன் பேரு எதுக்கு வரணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நீ எதையாவது மறைக்கிறியா?"

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்" என்று எழுந்து போனாள். டீ அப்படியே இருந்தது. இவளிடமும் ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். வாளியம்மாவின் விஷயம் முடியட்டும், அப்புறம் இவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேனேஜர், எலும்பு டாக்டர், இன்சார்ஜ், நான். என் அறிக்கையைப் படித்த மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. படங்கள் கைமாறின. எலும்பு டாக்டர் தன் பேனாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இன்சார்ஜ் மட்டும் படங்களை வாங்கவே இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளியம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். வாளியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து நின்றாள். கைகள் பிளீச்சிங்கில் வெளுத்து, விரல் நுனிகள் வெடித்திருந்தன. அவ்வளவு நாள் மோப்பம் பிடித்த நான் அந்தக் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

"இது நீங்கதானே?" மேனேஜர் போட்டோவை நீட்டினார்.

"ஆமா சார்."

"பாதிய ஊத்திட்டுத் தண்ணி சேர்க்குறீங்க. தினமுமா?"

"தினமுந்தான் சார். காலையில முழுசா, ஒம்போது மணிக்கு மேல பாதியா."

"ஏழு பேருக்கு உயிர் போற நிலைமை. தெரியுமா? யார் கேட்டாங்க உங்கள இப்படிக் கலக்கச் சொல்லி?"

அவள் அழவில்லை. மேனேஜரைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள். தினமும் சுவரோரமாக நின்று பார்ப்பாளே, அதே பார்வை.

"அம்மாவுக்கு இப்ப மூச்சு பரவாயில்லையா சிஸ்டர்? பழைய அளவுக்கே கலக்கலாமா?"

அறையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன உளர்றாங்க இவங்க?" என்றார் மேனேஜர். இன்சார்ஜ் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு மாதம் முன்பு, அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த நாலாம் நாள், இதே இன்சார்ஜோடு டீ குடித்துக்கொண்டே சொன்னேன்: "அந்த பிளீச்சிங் நெடி அம்மாவுக்கு ஒத்துக்கலடி, ராத்திரி முழுக்க இழுப்பு. கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லேன்." அவ்வளவுதான். அதைச் சொன்ன பத்தாவது நிமிஷம் நான் மறந்துவிட்டேன். இவள் வாளியம்மாவிடம் போய், "தொற்றுத் தடுப்பு சிஸ்டரே சொல்லிட்டாங்க, அவங்கம்மா இருக்கிற நேரத்துல பாதியாக் கலக்கு" என்று சொல்லியிருப்பாள். அம்மா வீட்டுக்குப் போனாள். ஆனால் தினமும் பத்து மணிக்கு வந்தாள், அதற்காகத்தான் ஒன்பது மணிக்கே பாதி. வரவை நிறுத்தினேன், ஆனால் "வருவாங்க, வருவாங்க" என்றேன். அம்மா எப்படியிருக்கிறாள் என்று வாளியம்மா கேட்டபோதெல்லாம் "அப்படியேதான்" என்றேன். அவள் காக்கா பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலேயே அந்த அளவைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான் என்று நம்பிக் கேட்டிருக்கிறாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அது எனக்கு ஒரு நொடி தோன்றியது, மறைக்க விரும்பவில்லை. தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி என் தோழி, சொல்ல மாட்டாள். இன்னொருத்தி சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்துப் போட்டால் அவள் வாளியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போவாள்.

"அவங்க உளறல சார்" என்றேன். "கொறைக்கச் சொன்னது நான்."

மேனேஜருக்குக் கோபம் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். டீயைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தெரிந்தும் இரண்டு நாள் துணிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு போட்டோ எடுத்ததையும், கூட்டம் வரை தடுக்காமல் விட்டதையும் சொன்னேன். அந்த இடத்தில் எலும்பு டாக்டர் தலையை நிமிர்த்தினார். "தெரிஞ்சுமா?" என்றார். "தெரிஞ்சும்தான்" என்றேன். இன்சார்ஜ் மெல்ல, "எல்லாரும் வாசனை நல்லாருக்குன்னாங்க சார், நானும் மாத்தச் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, இன்னும் வரவில்லை.

அறிக்கையை வாங்கி மேனேஜர் முன்னாலேயே அடித்து எழுதினேன். பத்து நாள் ஆன்டிபயாடிக். நெஞ்செரிச்சல் மாத்திரை. ஒற்றை நாற்காலி. ஜெல். பாதிக் கரைசல், அதற்கு நேரே என் பதவி, என் கையெழுத்து. டாக்டர் நாற்காலியிலிருந்து முதுகை எடுத்துவிட்டார். "ஒண்ணு போதும்னு சொன்னேன்" என்றார் மேனேஜர். "ஒண்ணு இல்ல சார்" என்றேன். என் வேலையைப் பற்றி மேலிடம் முடிவு செய்யும் என்றார். செய்யட்டும்.

வெளியே வந்தபோது, நடுவிலேயே வெளியே அனுப்பப்பட்டிருந்த அவள் நடைவழியில் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. போகச் சொன்னார்களா, இருக்கச் சொன்னார்களா என்றுகூடத் தெரியாமல் நின்றாள். அவளிடம் கோபத்தை எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க இன்னும் பதில் சொல்லலையே சிஸ்டர்."

"எதுக்கு?"

"பழைய அளவுக்கே கலக்கட்டுமா?"

என் பையிலிருந்த சோதனைத் தாள் டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தேன். வெடித்த விரல்கள் அதை மெதுவாக மூடிக்கொண்டன.

"கலக்குங்கக்கா" என்றேன். அதுவரை அவளை நான் அக்கா என்று அழைத்ததில்லை. "இனிமே யார் வந்து கொறைக்கச் சொன்னாலும், நானே வந்து சொன்னாலும், கொறைக்காதீங்க. இந்தத் தாள் கருநீலமாகலைன்னா என்னைத் திட்டுங்க."

அவள் தலையை ஆட்டினாள். இருவரும் வார்டுக்குள் போனோம். ஒன்பதாம் கட்டில் விரிப்பு இல்லாமல் கிடந்தது. தலையணையைத் தூக்கியபோது அடியில் அளவு டேப் சுருண்டு கிடந்தது.

"இதக் குப்பையில போட்டுடவா சிஸ்டர்?"

மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் விசாரித்தபோது, அவருக்குச் சிறுநீர் இன்னும் சரியாக இறங்கவில்லை, இன்றைய பொழுது போனால்தான் தெரியும் என்றார்கள்.

"வேண்டாங்கக்கா. முழு வீரியத்துல ஊற வைங்க" என்றேன். "வந்து கேப்பார்."